ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

மயக்க மருத்துவர்கள் நிரப்பும் தாள் ஒன்று உண்டு. மருத்துவமனைக் கோப்பில் ரத்தப் பரிசோதனை முடிவுக்கும் ஒப்புதல் படிவத்துக்கும் நடுவில் மடிந்து கிடக்கும். அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டால் அதை மறுபடி யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. பள்ளியில் தமிழாசிரியர் ஒரு பாடலைக் கரும்பலகையில் எழுதி, கீழே "நயம் பாராட்டுக" என்று போட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். வகுப்பு முழுக்க அந்த நாலு வரியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நிதானம் இந்தத் தாளுக்கும் தகும் என்பது என் எண்ணம்.

இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது, ஒரு கட்டத்துக்கு ஐந்து நிமிடம். கீழிருந்து மேலே எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று குறிகள். மேலே, முனை கீழே பார்த்தபடி ஒரு சிறு அம்புமுனை: இதயம் சுருங்கும்போது ரத்தத்தின் அழுத்தம். கீழே, முனை மேலே பார்த்தபடி இன்னொன்று: இதயம் தளரும்போது உள்ள அழுத்தம். கூடவே ஒரு புள்ளி: நாடி. அம்புமுனைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. அளவு நுனியில்தான் இருக்கிறது என்பதால், இரண்டு நுனிகளுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை தாளின் குறுக்கே ஓடுவதுபோலத் தெரியும். பட்டை அகலமாகப் போகிறதா, குறுகுகிறதா என்பதை எண்களைப் படிக்கும் முன்பே கண் பிடித்துவிடும்.

ஒரு சாதாரணப் பித்தப்பை அறுவையின் தாளை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அழுத்தம் கொஞ்சம் கூடுதல். தியேட்டர் விளக்கின் கீழ் படுத்திருப்பவருக்குப் பயம் இருக்காதா? மருந்து ஏறியதும் இரண்டு முனைகளும் சேர்ந்து இறங்குகின்றன. மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்திய இடத்தில் ஒரு துள்ளல். பிறகு சமவெளி. கத்தி தோலைத் தொட்ட கட்டத்தில் மறுபடி ஒரு சிறு மேடு. ஆள் ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறார், வலி என்று சொல்ல மனம் விழித்திருக்கவில்லை. ஆனாலும் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, புள்ளி ஏறிவிட்டது. மயக்க மருத்துவர் அதைப் பார்த்து வலிமருந்து கொடுத்திருப்பார். மருந்தின் பெயரும் அளவும் அந்தக் கட்டத்துக்கு நேர் மேலே எழுதியிருக்கும். அடுத்த கட்டத்தில் புள்ளி பழைய இடத்துக்கு வந்திருக்கும். உடம்பு ஒன்று கேட்டதும் மருத்துவர் பதில் சொன்னதும் ஒரு விரற்கடை இடைவெளியில் இருக்கின்றன.

கலவரமான தாள்களும் உண்டு. ரத்தப்போக்கு மிகும்போது புள்ளி படிப்படியாக ஏறும், மேலேயுள்ள அம்புமுனை இறங்கிக்கொண்டே வரும். நாடியும் அழுத்தமும் ஒரே அளவுகோலில் குறிக்கப்படுவதால், எப்போதும் அம்புமுனைக்குக் கீழே இருக்கும் புள்ளி ஓர் இடத்தில் அதைத் தாண்டி மேலே போய்விடுகிறது. நாடி 120, அழுத்தம் 85. அனுபவம் உள்ளவர் எண்ணைப் பார்க்கவே வேண்டியதில்லை. புள்ளி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே போதும். அலகே வேறான இரண்டு அளவுகளை ஒரே கட்டத்தில் போட்டது இடத்தை மிச்சப்படுத்தவா, இந்தக் குறுக்குவெட்டைக் காட்டவா என்று யோசித்துக்கொண்டே இருக்கலாம். இரண்டும் நடக்கிறது.

இந்தத் தாளுக்கு ஊரும் பிறப்பும் உண்டு. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று 1846 அக்டோபர் 16 அன்று உலகத்துக்குக் காட்டிய அதே இடம். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தும் அங்கே ஈதர் கொடுக்கும் வேலை பெரும்பாலும் மாணவர்கள் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. 1893இல் ஹார்வி குஷிங் என்ற மாணவரைக் கூப்பிட்டு ஈதர் கொடுக்கச் சொன்னார்கள். நோயாளி அவர் கையிலேயே இறந்துபோனார். மருத்துவப் படிப்பையே விட்டுவிடலாமா என்று அவர் கலங்கினார். பின்னாளில் மூளை அறுவையின் தந்தை என்று பெயரெடுக்கப்போகிறவர் அவர்.

அவரும் வகுப்புத் தோழர் அமோரி காட்மனும் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார்கள்: யார் நன்றாக ஈதர் கொடுக்கப் பழகுகிறார்கள் என்று பார்ப்போம், தோற்றவர் விருந்து வைக்க வேண்டும். எஃப். பி. ஹாரிங்டன் என்ற மூத்த மருத்துவர் சொன்ன யோசனைப்படி, 1894 வாக்கில் இருவரும் அறுவை நடக்கும்போதே நாடியையும் மூச்சையும் தாளில் குறிக்கத் தொடங்கினார்கள். 'ஈதர் தாள்' என்று அதற்குப் பெயர். 1901இல் குஷிங் ரீவா-ரோச்சி உருவாக்கிய அழுத்தமானியை இத்தாலியின் பாவியா நகரில் பார்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். தாளில் ரத்த அழுத்தமும் சேர்ந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒருவர் கையில் உயிர் போயிருக்கிறது. அவர் புது மருந்து தேடவில்லை, புதுக் கருவி தேடவில்லை. கோடு போட்ட காகிதத்தை எடுத்துக்கொண்டார். தாளில் நாடியை எழுத வேண்டுமென்றால் மணிக்கட்டைத் தொட்டாக வேண்டும். தொட்டால், அது பலவீனமாகிக்கொண்டு வருவது விரலுக்குத் தெரிந்துவிடும். பின்னால் யாரோ படிப்பதற்கான பதிவு என்று தோன்றுகிற தாள், அதை எழுதுகிறவர் கையைப் பிடித்து நோயாளியிடம் கொண்டுபோய் வைத்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது அழுத்தத்தையும் நாடியையும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 1986இல் விதியாக எழுதியபோது, அந்த மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட ஒழுங்குதான் சட்டமாயிற்று என்று எனக்குத் தோன்றும்.

நாடியும் மூச்சும் ஒரே தாளில் இடம்பெற்றது சின்ன விஷயமாகப் படலாம். அப்போது அது பெரிய வழக்காக இருந்தது. 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் கொடுத்த குளோரோஃபார்மில் இறந்துபோனாள். அந்த மரணத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜான் ஸ்நோ. லண்டனில் காலரா குடிநீரால் பரவுவதைக் காட்டியவர் அவரேதான். தான் மயக்கம் கொடுத்தவர்களைப் பற்றிப் பத்தாண்டு காலம் குறிப்பேடு எழுதிவந்தார். அவர் இறந்த 1858இல் வெளியான நூலில் குளோரோஃபார்ம் மரணங்கள் 50ஐ ஒவ்வொன்றாக எடுத்துப் பேசியிருக்கிறார். கைக்குட்டையில் ஊற்றிக் கொடுக்கும்போது ஆவி அளவு மீறுகிறது, இதயம் நின்றுவிடுகிறது என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி வலுவாக எழுந்த ஊர் ஹைதராபாத். அங்கே எட்வர்ட் லாரி என்ற மருத்துவர், நிஜாமின் பொருளுதவியோடு 1888இலும் 1889இலும் இரண்டு ஆணையங்களை நடத்தினார். நாய்களிலும் குரங்குகளிலும் நூற்றுக்கணக்கான சோதனைகள். மூச்சுதான் முதலில் நிற்கும், நாடியைப் பார்க்கத் தேவையில்லை, மூச்சை மட்டும் கவனியுங்கள் என்று தீர்ப்பு வந்தது. மூச்சைக் கவனி என்றது நல்ல சொல். நாடி வேண்டாம் என்றது பிழை. லேசான குளோரோஃபார்மிலேயே இதயம் தாளம் கெட்டு நின்றுவிடலாம் என்று 1911இல் குட்மன் லெவி பூனைகளில் காட்டினார். பெரிய பெரிய ஆணையங்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்ட காலத்தில், இரண்டு மாணவர்களின் தாள் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

அடுத்து ஓசை நயம். ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தவுடன் காதில் விழுவது பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் ஒலி. விரலில் மாட்டிய கவ்விக்குள் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறிப் பாய்கின்றன. ஆக்ஸிஜன் ஏந்திய ரத்தமும் ஏந்தாத ரத்தமும் அவற்றை வெவ்வேறு விகிதத்தில் விழுங்கும். அதிலிருந்து ஆக்ஸிஜன் நிறைவு கணக்காகிறது. கண்டுபிடித்தவர் ஜப்பானின் டாகுவோ அயோயாகி. நிஹான் கோடன் நிறுவனத்தில் இதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது என்று சாயம் செலுத்திக் காதுமடல் வழியே அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் குலைத்தது. இரண்டு நிற ஒளியை வைத்து அந்தத் துடிப்பைக் கழித்துவிடப் பார்த்தார். மூச்சை அடக்கி ஆக்ஸிஜன் குறைந்தால் கழித்தல் சரிவரவில்லை. அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது: கழித்துத் தள்ள நினைத்த இரைச்சலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் அளவு ஒளிந்திருக்கிறது! இது நடந்தது 1970களின் தொடக்கத்தில். 1974இல் காப்புரிமைக்கு விண்ணப்பமும் ஆயிற்று. இடையூறாக வந்ததையே துப்பாகப் பிடித்துக்கொண்ட அந்த மனிதர் 2020 ஏப்ரலில் மறைந்தார். கொரோனாவால் உலகமெங்கும் வீடுகளில் அந்தக் கவ்வியை விரலில் மாட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம்.

இனி அந்த ஒலியைக் கேளுங்கள். துடிப்புக்கு ஒரு 'பீப்'. வேகம் நாடியைச் சொல்கிறது. சுருதி ஆக்ஸிஜனைச் சொல்கிறது. நிறைவு குறையக் குறைய ஒலி தாழ்ந்துகொண்டே போகும். ஒரே சத்தத்தில் இரண்டு செய்தி. திரையை நிமிர்ந்து பார்க்க முடியாதபடி மயக்க மருத்துவர் குனிந்து நரம்பில் ஊசி ஏற்றிக்கொண்டிருப்பார், சிரிஞ்சில் மருந்து இழுத்துக்கொண்டிருப்பார். காது மட்டும் காவலில் இருக்கும். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுவதை யாரும் உட்கார்ந்து ரசிப்பதில்லை. ஆனால் அது ஒரு இழை பிசகினால் கூட்டத்தில் எல்லாத் தலையும் திரும்பும். இங்கேயும் அப்படித்தான். 98இலிருந்து 93க்கு இறங்கும்போது அறுவை மருத்துவர் கை நிற்கும், நர்ஸ் நிமிர்வார். எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே அறைக்கு விஷயம் தெரிந்துவிடும். எல்லோரும் கேட்கும்படி அமைந்ததில்தான் இதன் அருமை இருக்கிறது.

பாய்ல்ஸ் மெஷின் எனப்படும் பழைய மயக்க எந்திரங்களில் இன்னொரு ஒலி உண்டு. ஆக்ஸிஜன் அழுத்தம் தாழ்ந்தால் விசில் ஊதும். அந்த விசிலுக்கு மின்சாரமும் பாட்டரியும் வேண்டாம்; தீர்ந்துகொண்டிருக்கிற ஆக்ஸிஜனே அதை ஊதிவிட்டுப் போகும். கரண்ட் போன இருட்டிலும் ஊதும். இதை யோசித்தவரை நினைத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆக்ஸிமீட்டரிடம் ஒரு குறை இருக்கிறது. நுரையீரலில் நிறைய ஆக்ஸிஜனை நிரப்பி வைத்த ஒருவருக்கு மூச்சே போகாவிட்டாலும் சில நிமிடங்களுக்கு அது 99 என்றே பாடிக்கொண்டிருக்கும். குழாய் தவறிப்போய் உணவுக்குழலுக்குள் நுழைந்திருந்தால் அந்த நிமிடங்கள் பொன் போன்றவை. அதற்குத்தான் கேப்னோகிராஃப்: வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடைத் திரையில் வரையும் கருவி. ஒவ்வொரு மூச்சுக்கும் செங்குத்தாக ஏறி, மேலே மேடையாக நீண்டு, சட்டென்று விழுகிற வடிவம். ஆஸ்துமாக்காரருக்கு அந்த ஏற்றம் சாய்ந்து சுறாமீன் துடுப்பு மாதிரி வரும். மருந்தால் செயலிழக்க வைத்த தசை மெல்ல விழித்து, நோயாளி தானாக மூச்செடுக்க முயலும்போது மேடையில் ஒரு சிறு பிளவு விழும். குழாய் தப்பான இடத்தில் இருந்தால் கோடு தட்டையாகக் கிடக்கும். பிரிட்டனில் 2008 செப்டம்பர் முதல் ஓராண்டு, எல்லா அரசு மருத்துவமனைகளிலிருந்தும் மூச்சுப்பாதையில் நேர்ந்த பெரும் சிக்கல்களைச் சேகரித்தார்கள். ஏறத்தாழ 29 லட்சம் பொது மயக்கங்கள் நடந்த அந்த ஆண்டில் ஆய்வுக்கு எடுத்தவை 184. ஒவ்வொன்றையும் குழுவாக உட்கார்ந்து வாசித்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவற்றில் இந்தக் கோடு திரையில் இல்லாததோ, இருந்தும் அதைப் படிக்கத் தவறியதோ காரணத்தில் சேர்ந்திருந்தது என்று 2011 அறிக்கை சொன்னது. 184 சிறிய எண்தானே என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

கைக்கும் நயம் வைத்திருக்கிறார்கள். மயக்க எந்திரத்தில் வாயுக்களைத் திருகித் திறக்கும் குமிழ்கள் வரிசையாக இருக்கும். ஆக்ஸிஜன் குமிழ் மட்டும் பெரியது, மற்றவற்றைவிட முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், விளிம்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் ஓடும். இருட்டில் தடவினாலும் அது எதுவென்று விரல் சொல்லிவிடும். சிலிண்டரின் கழுத்தில் இரண்டு துளைகள். எந்திரத்தின் நுகத்தில் இரண்டு முள். ஆக்ஸிஜனுக்கு 2, 5 ஆகிய இடங்கள், நைட்ரஸ் ஆக்ஸைடுக்கு 3, 5. ஒரு முள் சில மில்லிமீட்டர் தள்ளி நிற்பதால் நைட்ரஸ் சிலிண்டர் ஆக்ஸிஜன் இடத்தில் உட்காரவே உட்காராது. அவசரத்தில் ஓடிவந்து மாட்டுகிற ஆளின் நினைவையோ படிப்பையோ இது நம்பியிருக்கவில்லை, உலோகமே மறுத்துவிடுகிறது.

இன்னும் நுணுக்கமான ஒன்று கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கிறது. வாயுக்களின் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நடுவில் ஒன்று விரிசல் விட்டால் கசிவு உண்டாகும். ஆக்ஸிஜன் முதலில் நுழைந்து அந்த விரிசலைக் கடந்து போகிற அமைப்பில், கசிந்து வீணாவது ஆக்ஸிஜன். நோயாளிக்குப் போவது மிச்ச வாயு. ஆக்ஸிஜன் கடைசியில் வந்து சேர்ந்தால் அதே விரிசலில் மற்ற வாயுதான் கசியும். 1960களில் இதைக் கண்டுகொண்ட பிறகு வரிசையை மாற்றினார்கள். நம் ஊரிலும் பிரிட்டனிலும் ஆக்ஸிஜன் குமிழ் இடக்கோடியில் இருக்கும். பழகிய கை தேடும் இடம் அது. அதனால் குமிழை அங்கேயே விட்டுவிட்டு, உள்ளே குழாய்ப் பாதையை மட்டும் வளைத்து ஆக்ஸிஜனைக் கடைசியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பழக்கத்துக்கும் மதிப்பு, பாதுகாப்புக்கும் வழி.

சிரிஞ்சுகளில் ஒட்டும் சீட்டுகளின் நிறமும் அப்படி. தசையைத் தளர்த்தும் மருந்துக்கு ஒளிரும் சிவப்பு. அதை முறிக்கும் மருந்துக்கு அதே சிவப்பில் குறுக்கே சாய்ந்த வெள்ளைக் கோடுகள். ஓபியம் வகைக்கு நீலம்; அதன் முறிமருந்துக்கு நீலத்தில் வெள்ளைக் கோடுகள். கொடுப்பதும் எடுப்பதும் ஒரே குடும்பம் என்று நிறம் சொல்கிறது, எதிரெதிர் என்று கோடு சொல்கிறது.

இத்தனை நுணுக்கங்களும் எங்கிருந்து வந்தன? தவறைச் சொன்னவர்களிடமிருந்து. பாஸ்டனில் ஜெஃப்ரி கூப்பர் என்ற பொறியாளர், விமானத் துறையில் பழக்கமாயிருந்த ஒரு முறையைக் கடன் வாங்கி, மயக்கம் கொடுப்பவர்களோடு உட்கார்ந்து பேசினார். உங்கள் கையால் நேர்ந்தது, நேரவிருந்து தப்பியது எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றார். 1978இல் வெளியான அந்தக் கட்டுரையில் 47 பேர் சொன்ன 359 நிகழ்வுகள். மூச்சு கொண்டுபோகும் குழாய் கழன்றது, வாயுவின் அளவு தெரியாமல் மாறியது, சிரிஞ்ச் மாறியது. எந்திரம் தானாகப் பழுதானது 14 சதவீதம். மனிதக் கை தவறியது 82. தப்பிப் பிழைத்தவற்றையும் கேட்டாரே, அதுதான் முக்கியம். யாருக்கும் எதுவும் ஆகாத ஒரு தவறை வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. அதைச் சொன்ன 47 பேரின் பெயர் கட்டுரையில் இல்லை. துருத்தி நிற்கும் குமிழையும் கோடிட்ட சீட்டையும் பார்க்கும்போது, அப்படிச் சொன்ன யாரோ ஒருவர் என் நினைவில் வருகிறார்.

பந்தயம் கட்டிய இருவரில் காட்மனின் கதை குறைவாகவே பேசப்படுகிறது. ஒவ்வொரு நோயாளியும் பிறகு என்ன ஆனார் என்று மருத்துவமனை பின்தொடர்ந்து அறிந்து வெளியிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதற்காகப் பதவியையும் நண்பர்களையும் இழந்தார். தாமே ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். அவர்கள் சிகிச்சையில் நேர்ந்த பிழைகள் என்று அவரே அச்சிட்டு வெளியிட்டவை 123. 1940இல் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை. மருத்துவர்கள் சேர்ந்து கல் நாட்டியது 2014இல்.

மறுபடி தாளுக்கு வருகிறேன். இப்போது பல மருத்துவமனைகளில் கணினியே குறித்துக்கொள்கிறது. அறுவை மருத்துவரின் உடம்பு அழுத்தமானிப் பட்டையில் சாய்ந்ததால் வந்த பொய் எண்ணைக்கூட அது விடாமல் எழுதுகிறது. நேர்மையில் அது மனிதரை மிஞ்சும். ஆனாலும் கையால் எழுதிய தாளில் நான் தேடும் இடம் ஒன்று அதில் கிடைக்காது. நோயாளி ஆபத்தில் இருந்த நிமிடங்களில் கட்டங்கள் காலியாக இருக்கும். எழுதக் கை ஓய்ந்திருக்கவில்லை. நல்ல மருத்துவர் அந்த இடைவெளியைப் பூசி மெழுகுவதில்லை. மானிட்டரின் நினைவிலிருந்து எண்களை எடுத்து நிரப்பிவிட்டு, ஓரத்தில் "பின்னர் எழுதியது" என்று போட்டு, எழுதிய நேரத்தையும் குறித்திருப்பார். எழுத்து அங்கே கொஞ்சம் சாய்ந்திருக்கும். இரண்டு மூன்று கட்டங்களில் மறுபடி நேராகிவிடும்.

கடைசிக் கட்டங்களில் புள்ளிகள் மெல்ல ஏறுகின்றன, விழிப்பு வருகிறது. மயக்கமருந்து நிறுத்திய நேரம், குழாய் எடுத்த நேரம், "கண் திறந்தார், பெயர் சொன்னார்". விழித்தவர்களில் சிலர் மங்கலான குரலில் ஒன்று கேட்பார்கள்: "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" "முடிஞ்சு போச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே மருத்துவர் 24ஆவது கட்டத்தில் கடைசிப் புள்ளியை வைத்துக் கையெழுத்துப் போடுகிறார்.